ஆர்க்கைவ் லாகை எத்தனை நாள் வைத்திருப்பது?

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் கொலு பொம்மை வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒரு மொத்த வியாபாரி, ஆர்டர், சரக்கு, பாக்கி எல்லாவற்றையும் ஆரக்கிள் டேட்டாபேஸில் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ஞாயிறு இரவு முழு பேக்கப். புதன் மதியம் 3 மணிக்கு ஹார்டுடிஸ்க் போய்விட்டது. இடைப்பட்ட நாட்களின் ஆர்டர்கள் என்னவாகும்?

டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் ரீடூ லாக் என்ற கோப்பில் பதிவாகும். இந்தக் கோப்புகள் சிலதான். எல்லாம் நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதத் தொடங்கும். அதற்குமுன் எடுத்து வைக்கும் நகல்தான் ஆர்க்கைவ் லாக். ஞாயிறு பேக்கப்பை ஏற்றி, அதன் பின் வந்த லாகுகளை வரிசையாக ஓட்டினால் புதன் மதியம்வரை கணக்கு திரும்பிவிடும். லாகைக் கொண்டு மீட்கும் இந்தக் கலையில் பெரிய மைல்கல், 1992-ல் வெளியான ஏரீஸ் ஆய்வுக்கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம்மில் ஆய்வு செய்தவர். நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய பெயர்.

வரிசை என்பதுதான் இதன் உயிர். செவ்வாய்க்கிழமை லாக் ஒன்று தொலைந்தால் மீட்பு அங்கேயே நின்றுவிடும். புதன்கிழமை லாகுகள் பத்திரமாக இருந்தும் பயனில்லை. ஆனால் ஆபத்து பெரும்பாலும் அவசரத்தில்தான் வருகிறது. லாகுகள் சேரும் டிஸ்க் நிறைந்தால் ஆரக்கிள் புதிய மாற்றங்களை ஏற்காமல் நின்றுவிடும். பில் போட முடியாத பதற்றத்தில் யாரோ உள்ளே புகுந்து கோப்புகளை நேரடியாக அழித்துவிடுவார்கள். டேட்டாபேஸுக்கு அது தெரியாது. அவை இன்னும் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். அழிப்பதை ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேன் (RMAN) வழியாகச் செய்ய வேண்டும், அதுவும் வேறோர் இடத்தில் நகல் சேர்ந்த பிறகு.

எத்தனை நாள் வைப்பது என்பதை டிஸ்க்கின் அளவு தீர்மானிக்கக் கூடாது. தவறு கண்ணில்படப் பொதுவாக எவ்வளவு நாளாகும் என்று பாருங்கள். தவறாக அழிந்த ஒரு பாக்கிக் கணக்கு மாதக் கடைசியில்தான் தெரியவரும் என்றால், ஒரு வாரக் கெடு எதற்கும் உதவாது. 35 நாளாவது வேண்டும். அந்தக் காலத்துக்கு முந்தைய ஒரு பேக்கப்பும் கூடவே இருக்க வேண்டும், ஏனெனில் அடிப்படை பேக்கப் இல்லாமல் லாகால் மீட்க முடியாது. வைத்திருக்கும் பேக்கப்புகளில் மிகப் பழையதற்கும் முந்தைய லாகுகளைத் தாராளமாக அழிக்கலாம்.

இடத்தைக் கணக்கிடும்போது சராசரி நாளை நம்ப வேண்டாம். நவராத்திரிக்கு முந்தைய வாரங்களின் லாக் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த சீசன் தொடங்குவதற்குள் வேறொரு கணினியில் ஒருமுறை முழுதாக மீட்டுப் பார்த்துவிடுங்கள்.