ஆற்றங்கரைப் பூக்கள்: பார்க்கலாம்... பறிக்கலாமா?

கோடை விடுமுறையில் பிள்ளைகள் டி.வி.யும் செல்போனுமாகவே கிடக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளாத தாய்மார்கள் இல்லை. அக்கம்பக்கத்தில் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து, காலை 6 மணிக்கு ஆற்றங்கரைப் பாதையில் நடந்து பாருங்களேன். வெயில் ஏறுமுன், 8 மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். கையில் குடிநீர் இருக்கட்டும்.

தாமிரபரணிக் கரையையே எடுத்துக்கொள்வோம். ஈர மண்ணில் தரையோடு படர்ந்து, தீக்குச்சி முனை மாதிரி சின்னஞ்சிறு பூக்கொத்தை நீட்டிக்கொண்டிருப்பது பொடுதலை. மேட்டு நிலத்தில் மஞ்சளாகப் பூத்திருப்பது ஆவாரை. வாய்க்கால் ஓரத்தில் வெள்ளைப் பூவுடன் நிற்பது கரிசலாங்கண்ணி.

"கரிசலாங்கண்ணியா! காமாலைக்கு நல்லதாச்சே, பறிச்சுட்டுப் போய் சாறு குடிக்கலாமே டாக்டர்?" என்பீர்கள். அங்கேதான் ஆபத்து.

முதலாவது, ஆள் மாறாட்டம். வெட்டுக்காயப் பூண்டைக் கரிசலாங்கண்ணி என்று நினைத்துப் பறிப்பவர்கள் உண்டு. வெட்டுக்காயப் பூண்டின் பூ நீண்ட காம்பில் தனியாக நிற்கும்; நடுவில் மஞ்சள்; இலை ஓரம் நன்றாக வெட்டுப்பட்டிருக்கும். கரிசலாங்கண்ணி இலையைக் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுக்கும்.

இரண்டாவது, சாக்கடை கலக்கும் கரையில் முளைத்த இலையைப் பச்சையாகத் தின்றால், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் கிருமியே வயிற்றுக்குள் போகலாம்!

மூன்றாவது, காமாலை என்பது ஒரே நோய் அல்ல. வைரஸ் கிருமி, பித்தப்பைக் கல், எலிக்காய்ச்சல், குடிப்பழக்கம் எனப் பல காரணங்கள். ரத்தப் பரிசோதனையில் காரணம் தெரியாமல் பச்சிலை குடித்து நாளைக் கடத்துவது உயிருக்கே வினையாகும். காமாலையோடு குழப்பமான பேச்சு, அதிகத் தூக்கம், ரத்தக்கசிவு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சித்த வைத்தியனாகிய நானும் இதையேதான் சொல்வேன்.

ஊமத்தை, அரளி இரண்டையும் பிள்ளைகளுக்கு முதலிலேயே அடையாளம் காட்டிவிடுங்கள். இரண்டுமே முழுச் செடியும் நஞ்சு. ஊமத்தை விதை புத்தியைத் தடுமாற வைக்கும். அரளி இதயத் துடிப்பைக் கெடுக்கும். தப்பித்தவறி யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தின்ற செடியில் ஒரு துண்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நோட்டு கொடுங்கள். பூ, இலை, பார்த்த இடம், தேதி ஆகியவற்றை வரைந்து எழுதட்டும். லீவு முடிவதற்குள் பத்துச் செடி தெரிந்திருந்தால் அதுவே பெரிய லாபம். பூ செடியிலேயே இருக்கட்டும்!