சூழற் சட்டமும் வழக்கறிஞர் தொழிலும்

பி. ஏ. பட்டம் பெற்றபின் சட்டம் பயிலக் கருதும் நம் மாணவருட் பலர் சிவில், கிரிமினல் என்னும் பழைய வழிகளையே நினைக்கின்றனர். சுற்றுச்சூழற் சட்டம் என்னும் புதுவழியிற் புகுவோர் யாது கற்றல் வேண்டும் என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

1974-இல் நீர்மாசு தடுப்புச் சட்டமும், 1984-இல் போபாலில் விஷவாயு பரவிப் பல்லாயிரவர் மாண்டபின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தன. ஆயினும் ஏட்டிலுள்ள சட்டம் நிலத்தில் எங்ஙனம் இயங்குகின்றது என்பதற்குப் பாலாற்றங்கரையே தக்க சான்று. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் அப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ ஓரளவோ பயிருக்கு உதவாதாயிற்று என்பது உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் அம்மன்றம் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவனே அதற்குரிய பொருளை இறுத்தல் வேண்டும் என்பதும், விஞ்ஞானம் ஐயமற முடிவு கூறுமளவும் காத்திராது தீங்கை முன்னரே தடுத்தல் வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டமே என நிறுவிற்று. தன் தொழிலால் தீங்கில்லை என மெய்ப்பிக்கும் கடமையும் ஆலையுடையார் மேலதாயிற்று. அங்ஙனமிருந்தும், 2025 ஜனவரியில் அதே மன்றம் அதே ஆற்றைக் குறித்து மீண்டும் ஆணையிட நேர்ந்தது!

2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைந்தது. அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. நீதிபதியரோடு விஞ்ஞானம் வல்லாரும் அங்கே ஒருங்கிருந்து வழக்கைக் கேட்பர். ஆதலின், கிணற்றுநீரிற் கலந்த உப்பும் குரோமியமும் எவ்வளவு என்னும் சோதனைத்தாளைப் படிக்கவறியாத வக்கீலின் நாவன்மை ஆண்டுச் செல்லாது. சட்டமும் நில்லாது மாறுகின்றது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறினார்க்கு முன்னர் விதித்த சிறைக்கு ஈடாகப் பணத்தண்டமே 2024 ஏப்ரல் முதல் விதியாயிற்று. அதனை உறுதி செய்பவர் இப்பொழுது ஓர் அதிகாரியே. இம்மாற்றம் நன்றென எமக்குத் தோன்றவில்லை. அவ்வாண்டிலேயே, தட்பவெப்பக் கேட்டினின்று காக்கப்படுதல் குடிமக்களின் உரிமை என உச்ச நீதிமன்றம் கூறிற்று.

தமிழ் பயில்வார்க்கும் இங்கே இடமுண்டு. பெருந்தொழிற்சாலை நிறுவுமுன் ஊராரின் கருத்தைக் கேட்கும் கூட்டத்திற்கு, அதன் விளைவுகளை விளக்கும் அறிக்கைச் சுருக்கத்தை நாட்டுமொழியிலும் அளித்தல் வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு விதி. அச்சுருக்கம் உழவனுக்கு விளங்காத மொழிபெயர்ப்பாயின், அவன் எதனை ஏற்பான், எதனை மறுப்பான்?

ஊதியம் யாதென வினவுவார் உளர். பொருள் மிக்கு அளிக்க வல்லார் ஆலையினரே. அவர்க்கும் நேர்மையான ஆலோசனை வேண்டுவதே. மறுபக்கத்து நிலை வேறு. 1991-இல் தொடங்கிய வேலூர் வழக்கை மக்கள் சார்பில் நடத்திய எம். சி. மேத்தா அவர்கட்கு, ஐந்தாண்டு உழைப்பிற்கும் கைச்செலவிற்குமாக அரசாங்கம் கொடுக்குமாறு மன்றம் விதித்த தொகை ரூ. 50,000.