கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவமனைப் பராமரிப்பை மதிப்பிடல்

கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவமனைப் பராமரிப்பை மதிப்பிடல் என்பது, ஒரு தொற்றுநோய் பெருமளவில் பரவும்போது மருத்துவமனைகள் அளித்த பராமரிப்பின் தரத்தையும் அவற்றின் மேலாண்மையையும் அளந்தறியும் செயற்பாடு ஆகும். சிகிச்சை பயனளித்ததா என்பதுடன், மருத்துவமனையே நோய் பரவும் இடமாகிவிடாமல் காக்கப்பட்டதா என்பதையும் இது ஆராய்கிறது.

மதிப்பீட்டின் கூறுகள்

அவெடிசு டொனபேடியன் 1966 இல் முன்வைத்த முறை பராமரிப்பின் தரத்தை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது.

- கட்டமைப்பு: படுக்கைகள், ஆக்சிசன் வழங்கல், தனிமை அறைகள், பயிற்சி பெற்ற ஊழியர்கள் முதலியன.
- செயன்முறை: நோயாளி எவ்வளவு விரைவாகத் தனிமைப்படுத்தப்பட்டார், உரிய மருந்து உரிய நேரத்தில் தரப்பட்டதா போன்றவை.
- விளைவு: இறப்பு, குணமடைதல், மருத்துவமனைக்குள் ஏற்பட்ட தொற்று முதலியன.

இம்மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூச்சுக்கருவிகள் எத்தனை இருப்பினும், அவற்றை இயக்கத் தெரிந்த செவிலியர் இல்லையெனில் அவற்றால் நோயாளிக்குப் பயன் இல்லை.

இறப்பு விகிதமும் அதன் குறைபாடுகளும்

இறப்பு விகிதத்தை மட்டும் கொண்டு இரு மருத்துவமனைகளை ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லலாம். எடுத்துக்காட்டாக, முதல் மருத்துவமனையில் 100 நோயாளிகளில் 20 பேரும், இரண்டாவதில் 100 பேரில் 10 பேரும் இறந்ததாகக் கொள்வோம். முதலாவது முதியோரையும் கடும் நோயுற்றோரையும் மிகுதியாக ஏற்றிருந்தால், அங்கு எதிர்பார்க்கத்தக்க இறப்புகள் 25 ஆக இருக்கலாம். இரண்டாவதில் அது 8 ஆக இருக்கலாம். நிகழ்ந்த இறப்பை எதிர்பார்க்கப்பட்ட இறப்பால் வகுத்து 100 ஆல் பெருக்கினால், முதலாவதன் மதிப்பு 80, இரண்டாவதன் மதிப்பு 125. அதாவது, கூடுதல் இறப்புகள் நிகழ்ந்த மருத்துவமனையே சிறப்பாகச் செயற்பட்டுள்ளது. இது சீர்தரப்படுத்திய இறப்பு விகிதம் எனப்படும்.

கணக்கிடும் காலமும் முக்கியமானது. இன்னும் சிகிச்சையில் இருப்போரின் முடிவு தெரியாத நிலையில், விகிதம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். 2003 இல் சார்சு நோயின் இறப்பு விகிதம் தொடக்கத்தில் ஏறத்தாழ 4% எனக் கருதப்பட்டது. இறுதிக் கணக்கில் 8,096 நோயாளிகளில் 774 பேர் இறந்திருந்தனர். இது ஏறத்தாழ 9.6% ஆகும்.

ஊழியர்களுக்கு ஏற்படும் தொற்று

மருத்துவமனையின் தொற்றுத் தடுப்பு எவ்வாறு இருந்தது என்பதை ஊழியர்களின் நோய்த்தொற்று நன்கு காட்டும். சார்சு நோயாளிகளில் உலக அளவில் 1,706 பேர், அதாவது 21%, நலப்பணியாளர்கள் ஆவர். கனடாவில் 251 நோயாளிகளில் 109 பேர் (43%) நலப்பணியாளர்களாக இருந்தனர்.

எடுத்துக்காட்டு: ரொறன்ரோவும் வான்கூவரும்

2003 மார்ச் 7 அன்று, ஹொங்கொங்கில் ஒரே விடுதியிலிருந்து தொடங்கிய தொற்றுத் தொடரைச் சேர்ந்த இரு நோயாளிகள் கனடாவின் இரு நகர மருத்துவமனைகளுக்கு வந்தனர். வான்கூவரில், ஆசியாவிலிருந்து வரும் புதுவகைச் சுவாச நோய்கள் பற்றி மாகாண நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னரே எச்சரித்திருந்தது. அங்கு நோயாளி விரைவாகத் தனிமைப்படுத்தப்பட்டார். அவரிடமிருந்து நோய் பரவவில்லை. ரொறன்ரோவில் நோயாளி அவசர சிகிச்சைப் பிரிவில் பிறருடன் பல மணி நேரம் வைக்கப்பட்டிருந்தார். அங்கிருந்து நோய் பிற நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் பரவியது.

மே மாதத்தில் முன்னெச்சரிக்கைகள் தளர்த்தப்பட்டபின், ரொறன்ரோவில் மற்றொரு மருத்துவமனையில் இரண்டாம் அலை தோன்றியது. நோய் மீண்டும் பரவுகிறது எனச் செவிலியர்கள் முன்னரே ஐயம் தெரிவித்திருந்தும் அது உரிய கவனம் பெறவில்லை. ஒன்ராறியோவில் இரு செவிலியரும் ஒரு மருத்துவரும் இந்நோயால் இறந்தனர்.

நீதிபதி ஆர்ச்சி கேம்பல் தலைமையிலான ஆணைக்குழு தனது இறுதி அறிக்கையை 2007 சனவரியில் வெளியிட்டது. ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கைகளுக்கு, அறிவியல் முற்றிலும் உறுதி செய்யும்வரை காத்திருக்கலாகாது என்பது அதன் முதன்மையான முடிவாகும்.

மாறும் அளவுகோல்கள்

புதிய நோயின் சிகிச்சை பற்றிய அறிவு விரைவாக மாறும். கோவிட்-19 நோயில் டெக்சாமெத்தசோன் மருந்தின் பயனை பிரித்தானியாவின் ரெகவரி ஆய்வு 2020 சூனில் அறிவித்தது. இம்மருந்து மூச்சுக்கருவியில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிசன் மட்டும் பெற்றோரின் இறப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிசன் தேவைப்படாதோருக்குப் பயன் காணப்படவில்லை. எனவே, அம்மாதத்துக்கு முன் இம்மருந்தைத் தராதது குறையாகாது; அதன்பின், ஆக்சிசன் தேவைப்படும் நோயாளிக்குத் தக்க காரணமின்றித் தராதிருப்பது குறையாகும். பராமரிப்பை அக்காலத்தில் கிடைத்த அறிவைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

பிற நோயாளிகள்

கொள்ளைநோய்க் காலத்திலும் மாரடைப்பு, புற்றுநோய், மகப்பேறு ஆகியவற்றுக்கான தேவை நிற்பதில்லை. அச்சத்தால் வராதோரும், தள்ளிப்போடப்பட்ட அறுவைச் சிகிச்சைகளும் கொள்ளைநோய் நோயாளிகளின் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. இவற்றையும் கணக்கில் கொண்டால்தான் ஒரு மருத்துவமனையின் மேலாண்மை பற்றிய மதிப்பீடு முழுமையடையும்.

இவற்றையும் பார்க்க

- கொள்ளைநோய்
- சார்சு
- கோவிட்-19
- தொற்றுநோயியல்