எண்களின் பறவைக் கூட்டம்

ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கனத்திலிருந்து அந்த எண்ணையே கழித்து 1 கூட்டுங்கள். வரும் விடை ஒரு முழு வர்க்கமாக இருக்குமா? 3 என்றால் 27 - 3 + 1 = 25; இது 5-ன் வர்க்கம். 4 என்றால் 61, வர்க்கம் அன்று. 5 என்றால் 121, 11-ன் வர்க்கம். 56-ஐப் போட்டுப் பார்த்தால் 1,75,561 வருகிறது. இது 419-ன் வர்க்கம்!

பின்னங்களையும் அனுமதித்தால் வேடிக்கை இன்னும் அதிகம். வரைபடத் தாளில் இந்தச் சமன்பாட்டை வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அதன்மேல் உள்ள (1, 1), (5, 11) ஆகிய இரு புள்ளிகளையும் அடிமட்டம் வைத்து இணையுங்கள். அந்த நேர்கோடு வளைகோட்டை மூன்றாவதாக ஓர் இடத்தில் வெட்டும். அந்த இடம் (1/4, -7/8). சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 1/64 - 1/4 + 1 = 49/64. இப்படிப் பழைய புள்ளிகளை இணைத்துப் புதிய புள்ளிகளைப் பெற்றுக்கொண்டே போகலாம், முடிவே கிடையாது.

இத்தகைய கோடுகளுக்கு எலிப்டிக் வளைகோடுகள் என்று பெயர். நீள்வட்டம் போல இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நீள்வட்டத்தின் வில்லின் நீளத்தைக் கணக்கிடப் போனபோது இவை தலைகாட்டின. அதனால் வந்த பெயர், அவ்வளவே.

மேற்சொன்ன சமன்பாட்டில் கடைசி 1-ஐ மட்டும் நீக்கிவிட்டால் கதை மாறிவிடுகிறது. அப்போது 0, 1, -1 ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்த எண்ணும், எந்தப் பின்னமும் வர்க்கத்தைத் தராது. இதனைப் பெர்மாவின் முறையால் நிறுவலாம். இவ்வாறு விடைகள் எண்ணி அடங்கிவிடும் கோட்டுக்கு ராங்க் 0 என்பர். முன்னைய கோட்டில் (1, 1) என்ற ஒரே புள்ளியை விதையாகக் கொண்டு மற்ற எல்லாப் புள்ளிகளையும் பெற்றுவிடலாம். அதன் ராங்க் 1. வகுப்பில் வாங்கும் ராங்க் போல இங்கே குறைந்தால் பெருமை என்பதில்லை!

சரி, ஒரு கோட்டைக் கொடுத்தால் அதன் ராங்க் என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாக் கோடுகளுக்கும் பொருந்தும் என்று நிரூபிக்கப்பட்ட முறை எதுவும் இன்றுவரை இல்லை. ஆனால் ஒரு தடயம் உண்டு. அதைப் பிடிக்க மீதிக் கணக்குத் தெரிந்தால் போதும்.

5 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். 5-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால் உலகில் 0, 1, 2, 3, 4 என்ற ஐந்தே எண்கள்தாம். முதல் எண்ணாக இவற்றை ஒவ்வொன்றாகப் போட்டால் நம் சமன்பாடு 1, 1, 2, 0, 1 என்ற மீதிகளைத் தருகிறது. வர்க்கங்களின் மீதிகளோ 0, 1, 4 மட்டுமே. மீதி 1-க்கு இரண்டு வர்க்கமூலங்கள் (1-உம் 4-உம்), 0-க்கு ஒன்று, 2-க்கு எதுவுமில்லை. ஆக மொத்தம் 7 விடைகள். ஏறக்குறையப் பாதி மீதிகளுக்கு இரண்டு மூலம், மறுபாதிக்கு ஒன்றும் இல்லை என்பதால் சராசரியாக 5 விடைகளையே எதிர்பார்த்திருப்போம். இங்கே 2 கூடுதல். இதேபோல் 3-க்கு 6 விடைகள், 7-க்கு 11, 11-க்கு 9, 13-க்கு 18. மொத்தத்தில் 39 வரவேண்டிய இடத்தில் 51 வந்திருக்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வு கட்டுக்கடங்காமல் போகாது. பகா எண்ணின் வர்க்கமூலத்தைப்போல் இரு மடங்கை அது தாண்டாது என்று ஜெர்மானியரான ஹாஸே 1930-களில் நிறுவினார். நம் இராமானுஜன் 1916-இல் தம் டௌ சார்புக்கு ஊகித்துச் சொன்ன எல்லையும் இதே சாயல் உடையது. அதை 1974-இல் டெலின் மெய்ப்பித்தார்.

ஒரு கோட்டில் பின்ன விடைகள் ஏராளமாக இருந்தால் அவற்றின் சாயல் ஒவ்வொரு பகா எண்ணின் மீதி உலகிலும் விழும். எனவே அங்கே விடைகள் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும் அல்லவா? 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் பர்ச், ஸ்வின்னர்ட்டன்-டயர் என்ற இருவர் எட்சாக்-2 என்ற கணிப்பொறியில் இதை எண்ணிப் பார்த்தனர். ராங்க் கூடக்கூட விடைகளின் மிகுதியும் கூடுவதாகத் தெரிந்தது. எல்லாப் பகா எண்களின் கூடுதல் குறைவுகளையும் ஒரே மாலையாகக் கோத்தது போன்ற ஒரு சார்பு உண்டு. அதற்கு எல்-சார்பு என்று பெயர். 1 என்ற இடத்தில் அச்சார்பு எத்தனை மடங்கு சுழியாகிறதோ அதுவே ராங்க் என்பது அவர்களுடைய ஊகம். சுழி ஆகாவிட்டாலும், ஒரு மடங்கே சுழியானாலும் அது சரியே என்று 1980-களில் தெளிவாயிற்று. முழு ஊகத்தை நிறுவுவோருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்தது. பரிசு அப்படியே இருக்கிறது.

இனி பறவைகளுக்கு வருவோம். ஒரு வாயு மூலக்கூற்றின் வேகத்தைக் கேட்டால் இயற்பியலார் கையை விரிப்பார்கள். கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரியைக் கேட்டால் சட்டென்று சொல்வார்கள். வளைகோடுகளிலும் இதையே செய்தால் என்ன? ஹெ, லீ, ஆலிவர் ஆகியோர் கணிப்பொறிக்குப் பழக்கம் கொடுத்துக் கோடுகளை ராங்க் வாரியாகப் பிரிக்கச் செய்தார்கள். அது வியக்கத்தக்க அளவு சரியாகப் பிரித்தது. ஆனால் எதைப் பார்த்துப் பிரிக்கிறது? அவர்களுடன் சேர்ந்த பொஸ்ட்னியாகோவ் என்ற கல்லூரி மாணவர் ராங்க் 0 கோடுகளைத் தனியாகவும் ராங்க் 1 கோடுகளைத் தனியாகவும் குவித்து, ஒவ்வொரு பகா எண்ணுக்கும் விடைப் பற்றாக்குறையின் சராசரியை வரைந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் கண்டக்டர் என்றோர் எண் உண்டு (பஸ் கண்டக்டருக்கும் இதற்கும் உறவில்லை). நம் கோட்டுக்கு அது 92. கண்டக்டர் 7,500-க்கும் 10,000-க்கும் இடைப்பட்ட கோடுகளை எடுத்துக்கொண்டார்கள்.

பர்ச் சொன்னபடி தொடக்கத்தில் ராங்க் 1 கோடுகளுக்கு விடை மிகுதி, ராங்க் 0 கோடுகளுக்குக் குறைவு. இது எதிர்பார்த்ததே. ஆனால் பகா எண்கள் பெரிதாகப் பெரிதாக நிலைமை தலைகீழாயிற்று. பிறகு மீண்டும் மாறியது. இரு கூட்டங்களும் எதிரெதிரே அலைபோல் ஏறி இறங்கின! இதை எவரும் எதிர்பார்க்கவில்லை. ஐரோப்பாவில் மாலை வேளையில் ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடி வானில் அலையலையாய்ச் சுழலும். நம் ஊர்களுக்குக் குளிர்காலத்தில் வரும் சூறைக்குருவி இவற்றின் உறவினர்தான். அந்தச் சுழற்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் மர்மரேஷன் என்ற பெயரையே 2022-இல் இந்த அலைக்கும் சூட்டினார்கள்.

அமெரிக்காவின் சதர்லாண்ட் பல லட்சம் கோடுகளைக் கொண்டு சோதித்தார். பகா எண்ணைக் கண்டக்டரால் வகுத்து அந்த விகிதத்துக்கு எதிராக வரைந்தால், சிறிய கண்டக்டர்களுக்கும் பெரிய கண்டக்டர்களுக்கும் அலை ஏறக்குறைய ஒரே வடிவில் விழுந்தது. ஆகவே இது தற்செயல் அன்று. 2023-இல் நினா ஸுப்ரிலினா, இவ்வளைகோடுகளின் நெருங்கிய உறவான மாடுலர் வடிவங்களுக்கு, அலையின் துல்லியமான சூத்திரத்தையே நிறுவிக் காட்டினார். படம் முதலில், நிரூபணம் பின்னால்! கணிதத்தில் இது அடிக்கடி நடப்பதில்லை.

அலையைக் காண ஆயிரக்கணக்கான கோடுகள் வேண்டும். ஆனால் ஒரு கோட்டின் ஒரு படியை எண்ணக் காகிதமும் பென்சிலும் போதும். நம் கோட்டுக்கு 17-ஆல் வகுத்த மீதிகளில் விடைகளை எண்ணிப் பாருங்கள். 13 வந்தால் உங்கள் கணக்குச் சரி. ராங்க் 1 கோடாயினும் இங்கே 4 குறைகிறது!