கோடு போடுவதோடு நிறுத்தாதீர்கள்

தேர்வு நெருங்கினால் பாடப்புத்தகம் முழுக்க ஹைலைட்டரின் மஞ்சள்தான். படித்து முடித்த நிறைவும் வந்துவிடும். ஆனால் 2013-இல் ஜான் டன்லாஸ்கி உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோது, அடிக்கோடிடுவதைப் பயன் குறைந்த முறைகளில் சேர்த்தார்கள். கோடு வரியைக் காட்டும். அந்த வரியைப் படித்து நாம் என்ன யோசித்தோம் என்பதைக் காட்டாது. அதற்குத்தான் ஓரக்குறிப்பு.

ஒரு வரலாற்றுப் பாடத்தில், '1876–78 தென்னிந்தியப் பஞ்சத்துக்கு மழை பொய்த்ததே காரணம்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோடு போட்டால் அது மனப்பாட வரி. பக்கத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: 'மழை மட்டும்தானா? அப்போதும் தானிய ஏற்றுமதி நடந்ததே! ஏன் தடுக்கவில்லை? அரசின் கொள்கையைப் பார்க்க வேண்டும்.' இப்போது அந்த வரி உங்களை அடுத்த புத்தகத்துக்கு அனுப்புகிறது.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். எது முக்கியம் என்பது முழுதும் படித்த பிறகே தெரியும். இரண்டாம் வாசிப்பில் புரியாத இடம், ஒப்பாத கருத்து, வேறு நூலோடு தொடர்புள்ள செய்தி ஆகியவற்றைக் குறியுங்கள். பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, சாரத்தைச் சொந்த நடையில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது. நோட்டில் பக்க எண்ணோடு எழுதுங்கள்.

ஆய்வு மாணவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஆசிரியரின் சொற்களை மேற்கோள் குறிக்குள் எழுதி, நூல் பெயரும் பக்கமும் சேர்க்க வேண்டும். உங்கள் கருத்தைத் தனியே காட்ட வேண்டும். இரண்டும் கலந்தால், ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று தெரியாமல், அறியாமலே கருத்துத் திருட்டில் விழ நேரும்.

மூலத்தைக் குறிக்காவிட்டால் பின்னால் வருபவருக்கு எவ்வளவு வேலை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சீவக சிந்தாமணியின் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தம் உரையில் பல மேற்கோள்களை நூற்பெயர் சொல்லாமலே எடுத்தாண்டிருக்கிறார். அந்நூலைப் பதிப்பிக்க அவற்றின் மூலத்தைத் தேடிய தமிழறிஞர் உ.வே. சாமிநாதையர், படித்த நூல்களுக்கு அகராதிகள் எழுதி வைத்துக்கொண்டார். சுவடிக்குச் சுவடி மாறிய பாடங்களையும் குறித்தார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியது இந்த உழைப்பின் பலத்தில்தான்.

நீங்களும் ஓரத்தில் எழுதிய கேள்விகளை மாதம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். எத்தனை நூல் படித்தும் எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லையோ, அங்கேதான் உங்கள் ஆய்வு தொடங்குகிறது.