நாளொரு பக்கம்

சென்ற கலைவிழாவில் நம் பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தடங்கலின்றிச் சொற்பொழிவாற்றினான். மண்டபமே கைதட்டிற்று. மறுநாள் அவ்வுரையைத் தாளில் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். இரண்டாம் வரியிலேயே தடுமாறி நின்றான். சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்வித்து மேடையேற்றியவர்கள் நாமே; குற்றம் அவனுடையதன்று.

கலைவிழா ஆண்டுக்கு ஓர் இரவு. வாசிப்போ அன்றாடம் பழகவேண்டியது. முதலாம் ஆண்டு தொடங்கி நாளொரு பக்கம் வாய்விட்டு வாசிக்கும் பிள்ளை, ஆறாம் ஆண்டு முடிவதற்குள் 2,000 பக்கங்களைக் கடந்துவிடும். பத்து நிமிடம் போதும். எழுத்தறியாத பாட்டியும் அருகிலமர்ந்து கேட்கலாம். கதை விளங்காத இடத்தில் அவர் தொடுக்கும் வினா, நம் பயிற்சித் தாள்களினும் மேலானது.

தோட்டத்து மக்களுக்கு நூல்கள் எதற்கு என்பாரும் உளர். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்க, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். பால்மரம் வெட்டியோரும் தம் கூலியிலிருந்து அதற்கு ஈந்தனர். அப்பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தோன்றிற்று. ஈந்தவர்களுள் எத்தனை பேர் அந்நூலகத்தின் படியேறியிருப்பர்!

நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இன்று பால்மரம் குறைந்து செம்பனை மிகுந்துவிட்டது. அவர்தம் பேரப்பிள்ளைகளே நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

அம்மாணவன் இப்பொழுது காலை மணியடிக்குமுன் நம் அறைக்கு வந்து ஒரு பக்கம் வாசிக்கிறான். நேற்று 17-ஆம் பக்கம். ழகரம் இன்னும் வசப்படவில்லை.