மீனுக்கும் பழம்: சிறு கடைக்கு ஒரு புதிய சரக்கு

தொட்டியில் நீந்தும் அலங்கார மீனுக்குப் பப்பாசிப் பழம் கொடுக்கலாமா? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மீன் கடை வைத்திருப்பவர்களிடமும், வீட்டுத் திண்ணையில் சீமெந்துத் தொட்டி கட்டி மீன் குஞ்சு வளர்த்து விற்பவர்களிடமும் வாடிக்கையாளர்கள் இப்போது இதைக் கேட்கிறார்கள். 2022 ஆம் ஆண்டு ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதி மீன் உணவின் விலை எவ்வளவு ஏறியது என்பதை இத்தொழிலில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாற்று வழி தேடுவது இயல்புதான். அந்த வழியில் இலாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு.

மீன் பழம் தின்னுமா?

தின்னும். அமேசன் ஆற்றில் வெள்ளம் பெருகிக் காட்டுக்குள் புகும் காலத்தில் தம்பாக்கி, பாக்கு போன்ற மீன்கள் மரங்களிலிருந்து விழும் பழங்களையும் விதைகளையும் தின்றே கொழுக்கின்றன. றப்பர் விதையின் கடினமான கோதைக்கூடப் பல்லால் உடைத்துவிடும். அதே குடும்பத்தோடு நெருங்கிய சில்வர் டொலர் மீன் நம் கடைத் தொட்டிகளிலும் இருக்கிறது. கோல்ட் பிஷ், மோலி, கப்பி, பெரிய குராமி, சக்கர் மீன் ஆகியனவும் பழத்தையும் காய்கறியையும் விரும்பிக் கொத்தும். பைட்டர், அரோவானா போன்றவை இறைச்சி உணவுக்காரர்கள். அவற்றுக்குப் பழம் போடுவது வீண் செலவு.

என்ன பயன்?

முதலாவது நிறம். மீனின் சிவப்பும் செம்மஞ்சளும் கரோட்டினொயிட் என்னும் நிறமிகளால் வருபவை. மீனால் இவற்றைத் தன் உடலில் உற்பத்தி செய்ய முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும். பப்பாசி, மாம்பழம், கரட், பூசணி ஆகியவற்றில் இவை உண்டு. இரண்டாவது விற்றமின் சி. பெரும்பாலான மீன்களுக்கு இதுவும் வெளியிலிருந்தே கிடைக்க வேண்டும். குறைந்தால் முதுகெலும்பு வளைந்த குஞ்சுகள் தோன்றும். திறந்து பல மாதம் வைத்த உலர் உணவில் இந்த விற்றமின் அழிந்துவிடும். கொய்யாவிலும் பப்பாசியிலும் அது தாராளமாக உண்டு.

இலங்கையின் நன்னீர் அலங்கார மீன் ஏற்றுமதியில் முதன்மையான இடம் கப்பி மீனுக்கே. அதை வாங்குபவர் நிறத்தைப் பார்த்தே விலை பேசுகிறார். எனவே நிறம் என்பது இந்த வியாபாரத்தில் நேரடியாகப் பணம்.

எங்கே கவனம் வேண்டும்?

பழம் முழு உணவு அல்ல. வளரும் குஞ்சுகளுக்கு உணவில் 30 முதல் 40 வீதம் வரை புரதம் தேவை. வாழைப்பழத்தில் இருப்பது ஏறத்தாழ 1 வீதம். வத்தகப்பழத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். செலவைக் குறைக்கலாம் என்று எண்ணிப் பழத்தை மட்டும் போடுபவரின் குஞ்சுகள் வளராது. வாரத்தில் ஒரு நாள் அல்லது இரண்டு நாள், அதுவும் சிறு துண்டாக, வழக்கமான உணவுக்கு மேலதிகமாகவே கொடுக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து தண்ணீர். பழத்தின் சீனி தண்ணீரில் கரைந்ததும் பக்டீரியா பெருகி ஒட்சிசனைத் தின்றுவிடும். நம் நாட்டு வெப்பத்தில் தண்ணீரில் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு. இரவில் ஒரு வாழைப்பழத் துண்டைப் போட்டுவிட்டுத் தூங்கியவர், காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிப்பதைக் காண நேரும். இரண்டு மணித்தியாலத்துக்குள் மிச்சத்தை அள்ளிவிட வேண்டும். பூச்சிமருந்து ஒட்டியிருக்கும் என்பதால் கழுவித் தோல் சீவ வேண்டும். விதை நீக்க வேண்டும். தேசிக்காய், தோடம்பழம் போன்ற புளிப்பானவை வேண்டாம்.

கடற்பாசியில் ஒரு வழி

தண்ணீர் கெடாமல் பழம் கொடுக்க நம் வீட்டுச் சமையலறையிலேயே வழி இருக்கிறது. விருந்துக்குக் காய்ச்சும் கடற்பாசிதான் அது. கால் லீற்றர் தண்ணீரில் 5 முதல் 7 கிராம் கடற்பாசியை, சீனி சேர்க்காமல், நன்கு கரையும்வரை காய்ச்ச வேண்டும். இறக்கி, சூடு தணிந்து உறையத் தொடங்குமுன், 100 கிராம் பப்பாசிக் கூழையும் 100 கிராம் அளவு பொடித்த மீன் உணவையும் சேர்த்துக் கலக்க வேண்டும். கொதிக்கும்போது சேர்த்தால் விற்றமின் சி அழிந்துவிடும். தட்டில் ஊற்றி உறைந்ததும் சிறு துண்டுகளாக வெட்டலாம். கடற்பாசி ஒருமுறை உறைந்தால் தொட்டித் தண்ணீரின் வெப்பத்தில் கரையாது. ஜெலட்டின் நம் நாட்டு வெப்பத்தில் இளகிவிடும். புரதமும் பழமும் ஒரே துண்டில் மீனுக்குக் கிடைக்கும். மிச்சத்தை அள்ளுவதும் இலகு.

வியாபாரக் கணக்கு

பழக்கடைக்காரர் மாலையில் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் நன்கு பழுத்த பப்பாசி இதற்குப் போதும். அழுகியது கூடாது. ஆனால் பழத்தின் விலையை மட்டும் கணக்கிட்டு இலாபம் பார்க்கக் கூடாது. கடற்பாசி, மீன் உணவு, எரிவாயு, மின்சாரம், உறை, விற்காமல் எஞ்சுவது, சொந்த உழைப்பு எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தே விலை வைக்க வேண்டும். இது குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாத சரக்கு. ஆகவே மொத்தமாகச் செய்து அடுக்க வேண்டாம். செய்த திகதியை உறையில் எழுதுங்கள். முதலில் உங்கள் சொந்தத் தொட்டி ஒன்றில் ஒரு மாதம் கொடுத்து, பக்கத்துத் தொட்டியோடு நிறத்தையும் இறப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விற்கும்போது உண்மையைச் சொல்லிக் கொடுங்கள்: எந்த மீனுக்கு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு, எப்போது அள்ள வேண்டும் என்று. "இதைப் போட்டால் நிறம் கொட்டும்" என்று சொல்லி விற்றால், மீன் செத்த மறுநாள் அந்த வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். ஒரு பக்கெட் உணவில் கிடைக்கும் இலாபம் சில ரூபாய்தான். மீன், தொட்டி, பில்டர், மருந்து என்று ஆண்டு முழுவதும் அவர் உங்களிடமே வாங்க வருவதுதான் பெரிய இலாபம்.